சத்யம் என்ற சொல்லை எடுத்த பிறகு

டெல்டா மாவட்டம் ஒன்றின் அரசு கலைக் கல்லூரியில் நான் நூலகர். வணிகவியல் மாணவர்களின் புராஜெக்ட் பருவம் ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடியும். 2025 பிப்ரவரியில் வந்த ஒரு தேடலை மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை நோட்டில் எழுதிவைத்தேன். மூன்று வாரம் ஓடிய தேடல். கணக்கியல் கட்டுரைகளைத் தரவுத்தளத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் அந்த நோட்டைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

மாணவி எம்.காம். இரண்டாம் ஆண்டு. தலைப்பு ‘சத்யம் மோசடியும் தணிக்கையாளர் சுழற்சியும்’. சத்யம் என்பது 2009-இல் கணக்கு மோசடி வெளிவந்த ஹைதராபாத் மென்பொருள் நிறுவனம். சுழற்சி என்றால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தணிக்கையாளரை மாற்றுவது. கைடு ஒப்புதல் கொடுத்திருந்தார். அவள் அப்பா நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். தலைப்புக்கான விதை வீட்டிலிருந்துதான் வந்தது. “மண்டியில கணக்கப்பிள்ளை மாறினாத்தான் பழைய தப்பு வெளிய வரும்னு அப்பா சொல்வாரு, மேடம். கம்பெனி ஆடிட்டரும் அப்படித்தானே?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. உலகம் முழுக்கக் கணக்கியல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வியும் அதுவே. அவர்கள் அதைக் கேட்ட சொற்கள் மட்டும் வேறு.

அவள் கையில் ஏற்கெனவே ஒரு கட்டு இருந்தது. கூகுளில் ‘சத்யம்’, ‘ஆடிட்டர்’, ‘ஃபெயிலியர்’ என்று தட்டி இறக்கிய முப்பத்துச் சொச்சம் பிரிண்ட் அவுட்கள். மேசையில் பரப்பி முதலில் வகை பிரித்தோம். எது நாளிதழ்ச் செய்தி, எது தொழில்முறைப் பத்திரிகையில் வந்த கருத்து, எது துறை வல்லுநர்கள் பரிசீலித்து வெளியிட்ட ஆய்விதழ்க் கட்டுரை? ஒருமணி நேரத்தில் முடிந்துவிட்டது. செய்தியும் கருத்தும் பாதிக்கு மேல். ஆய்விதழ் என்று பெயர் போட்டுக்கொண்டவற்றில் பல, பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் எதையும் வெளியிடுகிற ரகம். சத்யத்தின் கதையை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருந்தன. ஒரு கட்டுரையில் இருந்த எழுத்துப்பிழை அப்படியே இன்னொன்றிலும் இருந்தது. நம்பகமான ஆய்விதழ்களின் பெயர்கள் அடங்கிய யுஜிசி-கேர் பட்டியலைக் கைவிடுவதாகப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அறிவித்ததும் அதே பிப்ரவரியில்தான். ‘பட்டியலில் இருக்கிறதா’ என்று பார்த்துவிட்டு நகர்கிற வசதி அத்தோடு போனது. ஆஸ்திரேலிய வணிகக் கல்லூரி முதல்வர்கள் கவுன்சில் வெளியிடும் இதழ்த் தரவரிசையைத் திறந்து, ஒவ்வொரு இதழின் பெயரையும் அவளையே தேடச் சொன்னேன். அந்தப் பட்டியலில் இல்லாத இதழெல்லாம் மோசம் என்று பொருளில்லை. ஆனால் கணக்கியலில் ஒரு இதழ் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள அது நல்ல முதல் படி.

எந்தத் தொகை?

வகை பிரிக்கும்போதே ஒரு சிக்கல் வந்தது. “மோசடித் தொகை ஒண்ணுல 5,040 கோடி, இன்னொண்ணுல 7,136 கோடி, இதுல 14,000 கோடிக்கு மேலன்னு இருக்கு. எதைப் போடுறது மேடம்?”

கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இதைத் தீர்க்க முடியாது. மூலத்துக்குப் போகவேண்டும். 2009 ஜனவரி 7 அன்று சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் நான்கு தொகைகள் தனித்தனியே இருக்கின்றன. இருப்புநிலைக் குறிப்பில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாதது. சேர்ந்ததாகக் காட்டிய வட்டி 376 கோடி, அதுவும் இல்லாதது. காட்டாமல் மறைத்த கடன் பொறுப்பு 1,230 கோடி. கூட்டிக் காட்டிய வரவேண்டிய பாக்கி 490 கோடி. நான்கையும் கூட்டினால் 7,136. கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்தபோது அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். 14,000 கோடியைத் தாண்டிய தொகை முற்றிலும் வேறு. பங்குதாரர்களுக்கு ஏற்பட்ட இழப்பு பற்றிய சி.பி.ஐ.யின் மதிப்பீடு அது. மூன்று கட்டுரையும் மூன்று வெவ்வேறு பொருளைச் சொல்லிவிட்டு, மூன்றுக்கும் ‘மோசடித் தொகை’ என்று ஒரே பெயர் வைத்திருந்தன.

மூல ஆவணங்களைப் பொறுத்தவரை சத்யம் வசதியான வழக்கு. 2001-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்பதால், அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் அதன் ஆண்டு அறிக்கைகள் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2011 ஏப்ரலில் அதே ஆணையம் சத்யத்தின் மீதும், அதைத் தணிக்கை செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்கள் மீதும் எடுத்த நடவடிக்கை ஆவணங்களும் அந்த ஆணையத்தின் தளத்திலேயே உண்டு. சத்யத்துக்கு 1 கோடி டாலர் அபராதம், தணிக்கை நிறுவனங்களுக்கு 60 லட்சம் டாலர். கட்டுரை தேட வந்தவளை நான் முதலில் இங்கே அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. தணிக்கையாளர் எங்கே தவறினார் என்று அந்த ஆவணம் வெளிப்படையாகச் சொல்கிறது. வங்கியில் இருப்பு உண்மையா என்று கேட்டு அனுப்பும் உறுதிப்படுத்தல் கடிதங்களைத் தணிக்கையாளர் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவில்லை. அனுப்புவதையும் பதில் வாங்குவதையும் நிறுவனத்திடமே விட்டுவிட்டார்.

அதைப் படித்துவிட்டு வந்தவள் நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு, “இது பழகிப்போனதால வந்த தப்பா, வேலையைச் சரியாச் செய்யாத தப்பா மேடம்?” என்றாள். தேடலின் திசை மாறியது அந்த இடத்தில்தான்.

பத்து ஆண்டுக் கணக்கு

2013 கம்பெனிகள் சட்டத்தின் 139(2) பிரிவை எடுத்து வைத்தோம். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களிலும் விதிகள் குறிப்பிடும் வேறு சில வகை நிறுவனங்களிலும், தனிநபர் தணிக்கையாளர் தொடர்ச்சியாக ஐந்தாண்டு ஒரு முறைதான் இருக்கலாம். தணிக்கை நிறுவனம் ஐந்தாண்டுகள் கொண்ட இரண்டு தவணை, அதாவது பத்தாண்டு இருக்கலாம். பிறகு ஐந்தாண்டு இடைவெளி விடவேண்டும். சத்யத்தின் தணிக்கையாளர் 2000-இல் வந்தவர். மோசடி வெளிவந்தது 2009 ஜனவரி. இன்றைய சட்டம் அன்றே இருந்திருந்தாலும் அந்தத் தணிக்கை நிறுவனம் 2010 வரை இருந்திருக்கலாம்.

சத்யம் பற்றி எழுதிய பல கட்டுரைகள் ‘சுழற்சி இருந்திருந்தால் இது நடந்திருக்காது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்கின்றன. அவள் கொண்டுவந்த பிரிண்ட் அவுட்களில் ஒன்றுகூட இந்தக் கழித்தல் கணக்கைப் போடவில்லை. எனக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றவில்லை. ஒரு மாணவி இரண்டு ஆவணங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அச்சான வரி ஒன்றைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டாள்.

கேள்வி இரண்டாகப் பிரிந்தது. சத்யத்தில் என்ன நடந்தது என்பதற்கு மூல ஆவணங்கள் போதும். தணிக்கையாளர் நீண்டகாலம் இருப்பது கணக்கின் தரத்தைக் கெடுக்கிறதா என்பதற்குத்தான் ஆய்விதழ்கள் வேண்டும். அதற்கான கட்டுரைகளில் சத்யம் என்ற சொல்லே இருக்காது. “சத்யத்தை எடுத்துட்டுத் தேடும்மா” என்றேன். தலைப்பில் இருக்கிற சொல்லை எப்படி எடுப்பது என்று தயங்கினாள். தலைப்பு கைடுக்கு. தேடல் பெட்டிக்கு ஆய்வாளர்கள் எழுதிய சொல் வேண்டும்.

சொற்பட்டியல்

ஒரு தாளை இரண்டு பத்தியாகக் கோடு போட்டுக்கொண்டோம். இடது பக்கம் ‘நீண்டகாலம் இருத்தல்’ என்ற கருத்துக்கு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பெயர்கள்: ஆடிட்டர் டென்யூர், ஆடிட் ஃபர்ம் டென்யூர், பார்ட்னர் டென்யூர் (தணிக்கை நிறுவனத்துக்குள் அந்தத் தணிக்கைக்குப் பொறுப்பான பங்காளி இருந்த காலம்), மேன்டேட்டரி ரொட்டேஷன் (கட்டாயச் சுழற்சி). வலது பக்கம் ‘தரம்’: ஆடிட் குவாலிட்டி, எர்னிங்ஸ் குவாலிட்டி, ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் குவாலிட்டி, டிஸ்கிரிஷனரி அக்ரூவல்ஸ், கோயிங் கன்சர்ன் ஒப்பீனியன். கடைசி இரண்டும் தரத்தை அளக்கும் கோல்கள். நிர்வாகம் தன் விருப்பப்படி கூட்டிக் குறைக்க இடமுள்ள கணக்குப் பதிவுகள் எவ்வளவு என்பது ஒன்று. தள்ளாடும் நிறுவனத்தைப் பற்றித் தணிக்கையாளர் எச்சரித்தாரா என்பது இன்னொன்று. தரம் என்ற சொல்லே தலைப்பில் இல்லாமல் இந்தக் கோல்களின் பெயரை மட்டும் வைத்த கட்டுரைகள் ஏராளம். ஒரு பத்திக்குள் இருப்பவற்றை ‘ஆர்’ போட்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் போடு, இரண்டு பத்திக்கும் நடுவே ‘அண்ட்’ போடு என்றேன். தேடலின் இலக்கணம் பெரும்பாலும் அவ்வளவுதான். சொற்பட்டியலுக்குத்தான் இரண்டு நாள் ஆனது, அந்த இரண்டு நாளை நான் குறைக்க விரும்பவே மாட்டேன்.

சொற்களை மேற்கோள்குறிக்குள் வைத்தால் அதே வரிசையில் வரும் தொடர் மட்டும் கிடைக்கும். வேண்டாத குப்பை குறையும். ஆனால் 2003-இல் ‘தி அக்கவுன்ட்டிங் ரிவ்யூ’ இதழில் வந்த முக்கியமான கட்டுரையின் தலைப்பைப் பாருங்கள்: ‘எக்ஸ்ப்ளோரிங் த டெர்ம் ஆஃப் தி ஆடிட்டர்-கிளையன்ட் ரிலேஷன்ஷிப் அண்ட் த குவாலிட்டி ஆஃப் எர்னிங்ஸ்: எ கேஸ் ஃபார் மேன்டேட்டரி ஆடிட்டர் ரொட்டேஷன்?’ இதில் ‘டென்யூர்’ இல்லை. ‘ஆடிட் குவாலிட்டி’ இல்லை. ‘எர்னிங்ஸ் குவாலிட்டி’ என்று மேற்கோள்குறியில் போட்டுத் தலைப்பில் மட்டும் தேடினால் இது நழுவிவிடும், ஏனென்றால் சொற்கள் முன்பின்னாக இருக்கின்றன. இதற்குத்தான் அருகமைத் தேடல். எப்ஸ்கோ என்ற கட்டுரைத் தரவுத்தளத்தில் இரண்டு சொல்லுக்கும் நடுவே என் என்ற ஆங்கில எழுத்தையும் 3 என்ற எண்ணையும் சேர்த்துப் போட்டால், மூன்று சொல் இடைவெளிக்குள் எந்த வரிசையில் வந்தாலும் பிடித்துத் தரும். புரோக்வெஸ்ட் தளத்தில் அதே வேலைக்கு நியர் என்று எழுதி, சாய்கோடு போட்டு, எண்ணைச் சேர்க்கவேண்டும்.

தளத்துக்குத் தளம் இந்த விதி மாறும் என்பதை மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. சொல்லின் அடிப்பகுதியை எழுதி நட்சத்திரக்குறி போடுவது பல தளங்களில் எல்லா விகுதிகளையும் கொண்டுவரும். ‘ஆடிட்’ என்பதோடு நட்சத்திரம் போட்டால் ஆடிட்டர், ஆடிட்டிங் எல்லாம் வரும். பல துறைகள் கலந்த தளமென்றால் கூடவே ‘ஆடிட்டரி’யும் வந்து காது மருத்துவக் கட்டுரைகள் குவியும். எல்சவியர் பதிப்பகத்தின் சயின்ஸ் டைரக்ட் தளத்தில் நட்சத்திரக்குறி செல்லவே செல்லாது. அங்கே ஒரு தேடலில் ‘அண்ட்’, ‘ஆர்’, ‘நாட்’ மொத்தம் எட்டுக்கு மேல் போடவும் முடியாது. எங்கள் சொற்பட்டியலை முழுதாக ஒட்டியபோது தளம் ஏற்கவில்லை. அவள் தளம் பழுது என்று நினைத்துவிட்டாள். பட்டியலை மூன்றாக உடைத்து மூன்று முறை தேடினோம்.

எங்களிடம் என்ன இருந்தது என்றும் சொல்லவேண்டும். 2025 ஜனவரி 1 முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் அரசு நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்திருந்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். எல்சவியர், வைலி, டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ், சேஜ் எல்லாம் அதில் உண்டு. முந்தைய ஆண்டு வரை கட்டுரைச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டிய எங்கள் மாணவர்களுக்கு இது எத்தனை பெரிய கதவு என்று வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் பதிப்பகத் தளம் என்பது அந்தப் பதிப்பகத்தின் கடை. அங்கே அவர்கள் சரக்குத்தான் கிடைக்கும். எப்ஸ்கோவின் பிசினஸ் சோர்ஸ், புரோக்வெஸ்டின் ஏபிஐ இன்ஃபார்ம் போன்றவை பல பதிப்பகங்களையும் ஒரே இடத்தில் சேர்த்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் பொருள் தலைப்பு ஒட்டிவைக்கும். அவை எங்களிடம் இல்லை. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பக்கத்து மாவட்டத்து மேலாண்மைக் கல்லூரி நூலகத்துக்கு ஒரு நாள் அனுப்பினேன். பேருந்தில் இரண்டரை மணி நேரம். முழுக் கட்டுரைகளை இறக்க நேரத்தைச் செலவிடாதே, பொருள் தலைப்புகளையும் கட்டுரை விவரங்களையும் மட்டும் எழுதிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினேன். முழுக் கட்டுரையில் பெரும்பாலானவற்றை இங்கேயே எடுக்கலாம். அத்தோடு, சில இதழ்களின் கடைசி ஓராண்டு இதழ்களைப் பதிப்பகங்கள் எப்ஸ்கோவுக்குத் தருவதில்லை. ‘முழுக் கட்டுரை மட்டும்’ என்ற கட்டத்தில் டிக் செய்தால் புதிய கட்டுரைகள் இருப்பதே தெரியாமல் போய்விடும்.

எதிர்த்திசையில் போன கட்டுரைகள்

கைடு ஒரு விதி வைத்திருந்தார்: கடைசி ஐந்தாண்டுக் கட்டுரைகள் மட்டும். இந்த விதி பல இடங்களில் உண்டு, கணக்கியலுக்கு இது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. இந்தத் தலைப்பின் வேர் 1981-இல் ‘ஜர்னல் ஆஃப் அக்கவுன்ட்டிங் அண்ட் எகனாமிக்ஸ்’ இதழில் இருக்கிறது. தணிக்கைத் தரம் என்றால் இரண்டு நிகழ்தகவுகள் சேர்ந்தது என்று அந்தக் கட்டுரை வரையறுத்தது. தவறைக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததை வெளியே சொல்வது. அவள் அப்பாவின் மண்டி வாதத்தில் இரண்டாவது மட்டும் இருந்தது. பழகியவர் சொல்லமாட்டார், புதியவர் சொல்வார். ஆனால் புதிதாக வந்தவருக்கு அந்த மண்டியின் எடைக்கழிவு வழக்கமும், யார் யாருக்கு முன்பணம் போயிருக்கிறது என்பதும் முதல் ஆண்டில் புரியுமா? புரியாவிட்டால் தவறைக் கண்டுபிடிப்பதே குறையும். இதை அவள் வீட்டில் கேட்டுவிட்டு வந்து, “அப்பா ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, அதுவும் சரிதான்னு சொன்னாரு” என்றாள்.

மேற்கோள் சங்கிலியைப் பிடித்து நடந்தோம். ஒரு நல்ல கட்டுரையின் கடைசிப் பக்கத்துப் பட்டியலில் பின்னோக்கி, கூகுள் ஸ்காலரில் ‘சைட்டட் பை’யை அழுத்தி முன்னோக்கி. அப்படி வந்தவை: 2002-இல் ‘கன்டெம்பரரி அக்கவுன்ட்டிங் ரிசர்ச்’ இதழில், தணிக்கையாளர் வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் அறிக்கைத் தரம் குறைவு, ஒன்பது ஆண்டு தாண்டியும் தரம் சரிந்ததற்குச் சான்று இல்லை என்று சொன்ன ஆய்வு. மேலே சொன்ன 2003 கட்டுரை, நீண்ட உறவில் லாபக் கணக்கின் தரம் கூடுவதாகச் சொன்னது. இரண்டும் அவள் எழுத நினைத்ததற்கு நேர் எதிர். 2006-இல் ‘தி அக்கவுன்ட்டிங் ரிவ்யூ’வில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு மட்டும் அவள் பக்கம் சாய்ந்தது. நீண்டகாலம் இருந்த பார்ட்னர்கள் நிறுவனத்தின் தொடர் இயக்கம் பற்றிச் சந்தேகக் கருத்து தருவது குறைவு என்றது. அதுவும் முழுச் சாய்வு இல்லை. அக்ரூவல் கோலால் அளந்தபோது அதே ஆய்வில் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஐந்தாண்டு விதிப்படி இந்த நான்குமே வெளியே போயிருக்கும்.

“மேடம், இதையெல்லாம் போட்டா என் புராஜெக்ட்டே தப்புன்னு ஆயிடுமே. 2006 கட்டுரையை மட்டும் வெச்சுக்கவா?”

குரலில் பயம் இருந்தது. சமர்ப்பிக்க ஆறு வாரம் இருந்தது. அந்தப் பயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. தனக்கு ஒத்துவருவதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும் பழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது, ஒரு நேர்மையான பிள்ளையின் பதற்றத்திலிருந்து. மூன்றையும் எதிரெதிரே வைத்து ஒரு அட்டவணை போடச் சொன்னேன். எந்த நாடு, நிறுவனச் சுழற்சியா பார்ட்னர் சுழற்சியா, எந்தக் கோல், சுழற்சி கட்டாயமாக நடந்ததா தானாக நடந்ததா. கடைசிக் கட்டத்தை நிரப்பும்போது அவளே கண்டுகொண்டாள். 2002, 2003 ஆய்வுகள் இரண்டும் நிறுவனச் சுழற்சி கட்டாயமில்லாத அமெரிக்கத் தரவில் செய்யப்பட்டவை. இந்தியாவில் 2014 ஏப்ரலில் சட்டம் நடைமுறைக்கு வந்து, மூன்றாண்டு அவகாசம் முடிந்து, 2017-இல் ஏராளமான நிறுவனங்கள் ஒரேயடியாகத் தணிக்கையாளரை மாற்றின. அமெரிக்கத் தரவில் கிடைக்காத சூழல் அது. அவள் ஆய்வுக்கான இடம் அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. தலைப்பிலிருந்து சத்யத்தை எடுத்து முன்னுரைக்கு அனுப்பினாள். கைடிடம் அந்த அட்டவணையைக் காட்டியதும் அவர் மறுப்பு சொல்லவில்லை, ஐந்தாண்டு விதியையும் தளர்த்தினார்.

ஒரு பிழையை நாங்கள் கடைசி வாரத்தில்தான் பிடித்தோம். பிரைஸ் வாட்டர்ஹவுஸ் குழும நிறுவனங்கள் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களைத் தணிக்கை செய்ய, இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2018 ஜனவரியில் இரண்டாண்டுத் தடை விதித்தது என்று ஒரு கட்டுரையை ஆதாரம் காட்டி எழுதியிருந்தாள். கட்டுரை 2018-இல் வந்தது, அன்றைக்கு அது சரி. 2019 செப்டம்பரில் பங்குப் பத்திர மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தடையை ரத்து செய்தது. ஆய்விதழ்க் கட்டுரை தன் தேதியோடு உறைந்துவிடும், வழக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். அதன்பிறகு அவள் எழுதியதில் ஒழுங்குமுறை அமைப்பின் உத்தரவு வரும் ஒவ்வொரு வரியையும் எடுத்து, அந்த அமைப்பின் தளத்திலும் தீர்ப்பாயத் தளத்திலும் ஒருமுறை சரிபார்த்தோம். ஒரு முழுப் பிற்பகல் போனது.

முழு வடிவம் கிடைக்காதவையும் இருந்தன. ‘தி அக்கவுன்ட்டிங் ரிவ்யூ’வின் பழைய இதழ்கள் 1926-இலிருந்து ஜேஸ்டோர் என்ற இணையக் காப்பகத்தில் உண்டு. அங்கே தனிக் கணக்கு தொடங்கினால் 30 நாளில் 100 கட்டுரை வரை திரையிலேயே இலவசமாகப் படிக்கலாம், எல்லா இதழும் அதில் சேராது. சிலவற்றுக்கு எஸ்எஸ்ஆர்என் தளத்தில் ஆசிரியரே ஏற்றிய முன்வரைவு இருந்தது. முன்வரைவைப் படித்தால் முன்வரைவு என்றே குறிப்பிடவேண்டும் என்று சொன்னேன், ஏனென்றால் அச்சுக்குப் போகும்போது எண்கள் மாறுவதுண்டு. இரண்டு கட்டுரைக்கு, நூலகங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் டெல்நெட் வலையமைப்பு வழியாக வேண்டுகோள் அனுப்பினோம். ஒன்று வந்தது. மற்றொன்று அவள் சமர்ப்பித்து ஒன்பது நாள் கழித்து வந்தது. அதை அச்செடுத்து அந்தக் கோப்பிலேயே வைத்திருக்கிறேன்.

அவள் எழுதிய இரண்டு பத்திச் சொற்பட்டியலை அவள் அனுமதியோடு நகலெடுத்து, கணினிகளுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். அடுத்த பருவத்தில் ஜிஎஸ்டி பற்றி எழுத வந்த இரண்டு பையன்கள் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் புதுத் தாள் ஒன்று ஒட்டித் தங்கள் பட்டியலைத் தொடங்கினார்கள். இடது பத்தியில் முதல் சொல் இன்புட் டாக்ஸ் கிரெடிட். வலது பத்தியில் ஒர்க்கிங் கேப்பிடல் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள்.